அந்தூரியம் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

தங்கச்சி, இதே கரைச்சலில் இருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலுக்குக் கண்டிக்குப் போனபோது பெரியம்மா ஆசையாகத் தந்த சிவப்பு அந்தூரியம் அது. திருகோணமலை உப்புவெளியில் உங்கள் வீட்டு ஹோலில், வடக்குப் பக்க யன்னலோரம் வைத்திருக்கிறீர்கள். பங்குனி வரைக்கும் நன்றாக இருந்து இரண்டு பூவும் விட்டது. வைகாசிக்குப் பிறகு இலை நுனி கருகி, கீழ் இலைகள் மஞ்சளாகி, இப்போது ஆடியில் முழுச் செடியும் தலை தொங்கி நிற்கிறது. வாடுகிறதே என்று காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் விட்டீர்கள். உரமும் ஒரு கரண்டி போட்டீர்கள். அதற்குப் பிறகு இன்னும் மோசம். "இதைக் காப்பாற்றலாமா, எறிந்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

எறிய வேண்டாம். நடுத்தண்டை இரண்டு விரலால் மெல்ல அமத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை எல்லாம் போய்த் தண்டு மட்டும் மிஞ்சினாலும் அதில் இருந்து துளிர்க்கக்கூடிய செடி இது. ஆனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள்: தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

வாடுகிற செடிக்குத் தண்ணீர் விடாதே என்றால் மனம் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. பாலையூற்றில் நாங்கள் இருந்த வீட்டில் என் முதல் அந்தூரியம் இப்படித்தான் போனது. இலை தொங்கத் தொங்க நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்தபோது வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கறுத்த சேறுதான் கொட்டியது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தாகத்தில் வாடுகிற செடியும் வேர் அழுகி வாடுகிற செடியும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒன்றில் மண்ணில் தண்ணீர் இல்லை. மற்றதில் தண்ணீர் இருக்கிறது, குடிக்கிற வாய் இல்லை. இலையைப் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. வேரைத்தான் பார்க்க வேண்டும்.

சாடியைக் கவிழ்க்க முன்னர் ஒரு சின்னச் சோதனை. விளக்குமாற்றில் இருந்து நல்ல ஈர்க்கு ஒன்றை உருவி, சாடியின் ஓரமாக அடி வரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள். மேல் மண் காய்ந்திருந்தாலும் ஈர்க்கின் அடி நனைந்து கறுத்து வரும், கடற்கரையில் ஒதுங்கிய பாசி அழுகின மாதிரி ஒரு மணமும் வரும் என்றால் சந்தேகமே வேண்டாம், வேர் அழுகுகிறது. உங்கள் படத்தில் அந்தப் பளபளப்பான வெள்ளைப் பீங்கான் சாடியைப் பார்த்தேன். அதற்கு அடியில் துளை இருக்கிறதா? பெரும்பாலும் இராது. கண்டியில் இருந்து வந்த பிளாஸ்டிக் சாடியை அப்படியே அதற்குள் இறக்கி வைத்திருப்பீர்கள். வடிகிற தண்ணீர் முழுக்கப் பீங்கானின் அடியில் தேங்கி, செடி ஆறு மாதமாகக் கால் ஊறிக்கொண்டு நிற்கிறது.

சேம்பு வாய்க்காலில் நிற்கிறதே, அதே மாதிரி இலைதானே இது என்று சிலர் நினைப்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம்தான். மணி பிளான்ட், கருணைக்கிழங்கு எல்லாம் அதே வம்சம். ஆனால் சேம்பின் தண்டுக்குள் காற்று போய்வர வழி இருக்கிறது, அதனால் சேற்றில் நிற்கும். அந்தூரியத்தின் சொந்த ஊர் கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காடுகள். அங்கே அது மரக்கிளையிலும் உக்கின இலைக்குப்பையிலும் பற்றிப் பிடித்து வளர்கிறது. மழை நனைக்கும், உடனே வடிந்துவிடும், காற்று வேரைத் தொடும். அதன் வேர் தடிப்பாக, வெளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு உறையோடு இருப்பது அதனால்தான். அந்த உறை பட்ட தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வேரைக் களிமண்ணிலோ தேங்கின தண்ணீரிலோ வைத்தால் மூச்சு முட்டும். காற்றில் ஒட்சிசன் பரவுகிற வேகத்தோடு பார்த்தால், தண்ணீருக்குள் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. மூச்சு முட்டின வேரில், தண்ணீரில் வாழ்கிற பூஞ்சணம் போன்ற கிருமிகள் தொற்றி அழுக வைக்கும்.

இது பாதிக் கதைதான். மிச்சம் எங்கள் ஊர்க் கதை.

பங்குனி வரை நன்றாக இருந்த செடி வைகாசியில் ஏன் கெட்டது? தையில் நீங்கள் கொண்டுவந்தபோது இங்கே வாடைக்கால மழை முழுதாக விட்டிருக்கவில்லை. காற்றில் ஈரம், வெயில் மெலிவு. செடி கண்டியை விட்டு வந்ததையே உணர்ந்திருக்காது. வைகாசிக்குப் பிறகு வந்தது கச்சான். தென்மேற்கில் இருந்து வருகிற அதே காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, காய்ந்த தரைக்கு மேலால் சூடேறி எங்களிடம் வருகிறது. பெரியம்மா வீட்டு முற்றத்தில் தூறல் விழும் அதே நாளில் உங்கள் யன்னல் சீலை வெந்து மொறுமொறுக்கிறது. அந்தக் காற்றில் இலையில் இருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும். வேர் நல்லாக இருந்தாலே ஈடுகொடுக்கக் கஷ்டப்படும்.

அடுத்தது அந்த வடக்கு யன்னல். வடக்கு யன்னலில் நேர் வெயில் விழாது என்று படித்திருப்பீர்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதினது அது. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடும். ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் வடக்கு யன்னலில்தான் காலையும் பின்னேரமும் சாய்வெயில் விழும். தையில் நிழலாக இருந்த இடம் ஆனியில் வெயிலாகிவிட்டது. யன்னலில் இருந்து ஐந்தாறு அடி உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைச் சீலை போடுங்கள். செடிக்கு மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். கை நிழல் விளிம்பு கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம், மங்கலாக விழுந்தால் சரி.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் உங்கள் கிணற்றில்தான். கடற்கரையை ஒட்டின மணல் நிலத்தில், கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மழையில் ஊறின நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. மழை இல்லாத மாதங்களில் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க அந்தப் படலம் மெலிந்து, உவர் மேலே ஏறும். கார்த்திகையில் தேநீர் போடக்கூடிய தண்ணீர் ஆடியில் வாயில் வைக்க முடியாமல் போகிறதே, அதுதான். நீங்கள் ஒவ்வொரு நாளும் ஊற்றினது அந்தத் தண்ணீரை. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. சாடிக்குள் நாளுக்கு நாள் கூடும். மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. இழுத்த தண்ணீரோடு போகிற உப்பு, தண்ணீர் ஆவியாகிற கடைசி இடமான இலை நுனியில் சேர்ந்து அந்த இடத்தைக் கருக்கும். மஞ்சளாக முன்னரே நுனி கருகினது என்று நீங்கள் சொன்னதில் இருந்துதான் எனக்கு இது பிடிபட்டது. உரமும் ஒரு வகை உப்புத்தான் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அந்த ஒரு கரண்டி உரம், ஏற்கெனவே உவரில் தவிக்கிற வேருக்கு மேலும் உவர். சாடியின் வாய் விளிம்பில் வெள்ளைப் படை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேத்தலின் அடியையும் பாருங்கள். அங்கே வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் இந்தச் செடிக்கு ஆகாது.

அப்படியென்றால் எதை ஊற்றுவது? குழாய்த் தண்ணீர் இணைப்பு இருந்தால் அது போதும். எங்களுக்கு வருவது கந்தளாய்ப் பக்கத்துக் குளத்துத் தண்ணீர், உவர் இல்லை. குளோரின் மணம் பிடிக்காவிட்டால் ஒரு இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஏசி இருக்கிற வீடென்றால் வெளியே சொட்டுகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுகிற தண்ணீர் அது, உப்பே இராது. குடிக்கத்தான் ஆகாது, அந்தூரியத்துக்குத் தேவாமிர்தம். மழைத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் அதற்கு ஐப்பசி வரை பொறுக்க வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். ஒரு பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். பழைய பேப்பர் விரித்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேம்பங்கிழங்கு வெட்டினால் கை கடிக்குமே, அதே ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இதன் சாற்றிலும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளும் பூனையும் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்தால் வாய் வீங்கும்.

செடியைத் தண்டில் பிடித்து இழுக்காமல், சாடியைச் சரித்து, பக்கங்களை அமத்தி, மண்ணோடு வெளியே எடுங்கள். ஒரு வாளி குழாய்த் தண்ணீரில் வேரை அமிழ்த்தி, விரலால் மெல்லக் கோதிக் கோதிப் பழைய மண்ணைக் கழுவுங்கள். இப்போது ஒவ்வொரு வேராகப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் மண்ணிறமாகவோ இருக்கும், அமத்தினால் விறைப்பாக நிற்கும். அழுகின வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வரும். புளியம்பழத்துச் சதையைக் கசக்கி எடுத்த பிறகு நார் மிஞ்சுமே, அந்த மாதிரி நடுவில் ஒரு நூல் மட்டும் நிற்கும். அதெல்லாம் போக வேண்டியவை. கத்திரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அழுகல் முடிந்து நல்ல சதை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலாக வெட்டுங்கள். அழுகலை வெட்டின ஒவ்வொரு முறையும் அலகைத் துடையுங்கள். பாதிக்கு மேல் வெட்டுப்பட்டாலும் பயப்பட வேண்டாம். பிறகு நிழலில் ஒரு மணித்தியாலம் பேப்பரில் கிடக்கட்டும், வெட்டுவாய் காயட்டும். கறுவாத்தூள் பூசலாமா என்று கேட்பார்கள். நான் பூசுவதில்லை. நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைத்துவிடும்.

முழுதாக மஞ்சளான இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். பாதி பச்சையாக இருப்பதை விட்டுவையுங்கள், அதில் இருந்துதான் செடி இப்போது சாப்பிடுகிறது. பூவோ மொட்டோ இருந்தால் இரக்கம் பார்க்காமல் எடுங்கள். நாங்கள் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்பு, உண்மையில் ஒரு மடல் இலை. நடுவில் நிற்கிற குச்சியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டியிருப்பவைதான் பூக்கள். அந்த மடலை வாரக்கணக்கில் தாங்கி நிற்கச் செடிக்கு நிறையச் செலவு.

வேரே மிஞ்சவில்லை என்றால்? தண்டின் மேற்பகுதியில், இலைக்காம்புகளுக்குக் கீழே, மண்ணிறமாகச் சின்ன முளைகள் தள்ளிக்கொண்டு நிற்கும். அவை காற்றுவேர்கள். அப்படி இரண்டு மூன்று முளைகளோடு மேல்துண்டை வெட்டி எடுத்து நட்டால் அதுவே புதுச் செடி. கீழே மிஞ்சின கட்டை கெட்டியாக இருந்தால் அதையும் எறியாதீர்கள், பக்கத்துளிர் வரும்.

நடுவதற்குத் தோட்டத்து மண் வேண்டாம். தேங்காய் மட்டையைப் பெருவிரல் அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். மூன்று பங்கு அது, ஒரு பங்கு சிரட்டைக்கரித் துண்டு, ஒரு பங்கு உடைத்த ஓடு அல்லது செங்கல், ஒரு கைப்பிடி நன்றாக உக்கின இலைப்பசளை. இதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மட்டையிலேயே இயற்கையாக உப்பு இருக்கிறது. உவர் தண்ணீரில் ஊறப்போட்ட தும்பென்றால் இன்னும் அதிகம். நறுக்கின துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, ஊற்றி, மறுபடி ஊற வையுங்கள். முதல் தண்ணீர் கறுத்த சாயத் தேநீர் மாதிரி வரும். அது வெளுக்கும் வரை, மூன்று நான்கு தடவையாவது மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் நட்டால் கிணற்று உவரில் இருந்து காப்பாற்றி மட்டை உவரில் போட்ட கதைதான்.

சாடி சின்னதாக இருக்கட்டும். மிஞ்சின வேர் அடங்கி, சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் இல்லாத இடம் எல்லாம் ஈரம் தேங்கும். மண்சாடி என்றால் நல்லது, பக்கத்தாலும் மூச்சு விடும். அடியில் துளை மூன்று நான்கு வேண்டும். நட்டபின் ஒரே ஒரு தடவை முழுக்க நனையத் தண்ணீர் விட்டு, கடைசிச் சொட்டு வரை வடிய விடுங்கள். தும்புத்தூளைப் போட்டு இறுக்கி அமத்தாதீர்கள். செடி ஆடினால் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள்.

வேர் குறைந்த செடியால் கச்சானுக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே அதற்கென்று ஒரு சின்னக் கண்டியை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போன்ற பெரிய பொலித்தீன் பை ஒன்றைச் செடியோடு சாடியையும் மூடுகிற மாதிரிக் கவிழுங்கள். இலையில் முட்டாமல் இரண்டு ஈர்க்குக் கட்டு குத்தி நிமிர்த்தி வையுங்கள். இருக்க வேண்டியது நல்ல வெளிச்சமான நிழலில். ஒரு கீற்று வெயில் பட்டாலும் பைக்குள் அவிந்துவிடும். மின்விசிறியின் கீழேயும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலையில் பத்து நிமிடம் பையைத் திறந்து காற்று விடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு திறக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு எடுத்துவிடலாம்.

இந்த நாட்களில் தண்ணீர் எப்போது? நாள் கணக்கு வைக்காதீர்கள். ஈர்க்கைக் குத்திப் பாருங்கள், அல்லது சாடியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த சாடிக்கும் காய்ந்த சாடிக்கும் உள்ள பாரம் ஒரு கிழமையில் கைக்குப் பழகிவிடும். பைக்குள் இருக்கும்போது பத்து நாளுக்கு ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். பை எடுத்த பிறகு, கச்சான் அடிக்கிற நாட்களில், மட்டைத் துண்டு சீக்கிரம் காயும், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கேட்கும். ஊற்றுகிறபோது அடியால் நன்றாக வழிய ஊற்றுங்கள், அந்த வழிவுதான் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். வழிந்ததைத் தட்டில் விடாதீர்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், தட்டுத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடுவது இன்னொரு பக்கம்.

இலைக்கு ஸ்பிரே அடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது காற்றை ஈரமாக்குவது சில நிமிடத்துக்குத்தான். கிணற்றுத் தண்ணீரை அடித்தால் இலையில் வெள்ளைப் புள்ளியாக உப்புத்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, கடற்காற்று கொண்டுவருகிற உப்பையும் புழுதியையும் கிழமைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். இலையின் அடியையும் துடையுங்கள், வறண்ட காலத்தில் சிற்றுண்ணி அங்கேதான் குடியேறும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இலையின் அடியில் தண்ணீர் ஊறின மாதிரிப் புள்ளிகள், அவை மண்ணிறமாகிச் சுற்றிலும் மஞ்சள் வளையம், அப்படி இருந்தால் அது வேறு வியாதி. அந்தூரியத்தைப் பிடிக்கிற பாக்டீரியாக் கருகல் அது. 1980களில் ஹவாய்த் தீவுகளின் அந்தூரியத் தோட்டங்களைப் பெரும் நட்டத்தில் தள்ளினதும் அதுதான். அதற்கு மருந்து இல்லை. செடியைப் பையில் கட்டி அகற்றி, கத்தி, சாடி எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும், பக்கத்தில் வேறு அந்தூரியம் இருந்தால் தள்ளி வைக்க வேண்டும். உங்கள் படத்தில் எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இனி யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். அரிசி கழுவின தண்ணீர் ஊற்று, தேயிலைச் சக்கை போடு, மீன் கழுவின தண்ணீர் விடு என்பார்கள். அவையெல்லாம் முற்றத்து வாழைக்கும் முருங்கைக்கும் நல்லவை. வேர் வெட்டின செடிக்கு இப்போது பசியே இல்லை. புது இலை ஒன்று விரிந்து முற்றின பிறகு, கடையில் விற்கிற கரையும் உரத்தை, பெட்டியில் சொல்கிற அளவில் கால்வாசி மட்டும் கரைத்து, மாதம் ஒரு தடவை கொடுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

கருகின நுனி திரும்பப் பச்சையாகாது, மஞ்சள் இலையும் திரும்பாது. அதைப் பார்த்து மனம் சோர்ந்துவிடாதீர்கள். பழைய இலையை விட்டுவிட்டு நடுக்குருத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அங்கே செம்பு நிறத்தில், எண்ணெய் தடவின மாதிரிப் பளபளப்பாக, சுருண்ட ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அதற்கு முன்னரே வேர் பிடித்திருக்கும். செடியைத் தண்டில் பிடித்து மிக மெல்ல அசைத்துப் பாருங்கள், முன்பு ஆடினது இப்போது எதிர்த்து நிற்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கினதும் முதல் ஒன்றிரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள், ஆறு மாதத்து உப்பும் புழுதியும் அதோடு போகட்டும். அதற்குப் பிறகு பீப்பாயில் பிடித்து, வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி வையுங்கள். இங்கே வருடத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுகிறது, அதில் பெரும்பங்கு தை வரையான அந்த நாலு மாதத்துக்குள்தான். பிடித்து வைத்தால் அடுத்த கச்சானில் பாதித் தூரமாவது கைகொடுக்கும்.

பூவுக்கு அவசரப்படாதீர்கள். அந்தூரியத்தில் ஒவ்வொரு இலைக்கக்கத்தில் இருந்தும்தான் ஒரு பூ வரும், ஆகவே முதலில் இலை வேண்டும். மூன்று நாலு புது இலை வந்த பிறகு, அநேகமாக அடுத்த மாசி பங்குனியில், புது இலையின் காம்படியில் சுருட்டின வெற்றிலை மாதிரி ஒரு சிவப்பு நுனி தெரியும். அதைப் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்புங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.